வயதான கணவன் மனைவியில் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடந்தால், இன்னொருவரால் உண்மையில் என்ன உதவி செய்ய முடியும்?

பிள்ளைகளால் முடியாத சில வேலைகளை அவர்களால்தான் செய்ய முடியும். எங்கள் அப்பா ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டர். இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன மறுநாள் ராத்திரி, டிரிப்ஸைப் பிடுங்கிக்கொண்டு "டிக்கெட் பையை எங்கடி வச்ச?" என்று ஒரே சத்தம். நாங்கள் பதறிப்போனோம். அம்மாவோ சாயங்காலமே "இவர் பேச்சு சரியில்லையே" என்று சிஸ்டரிடம் சொல்லியிருந்தார்.

இப்படித் திடீரென்று புத்தி குழம்பிப்போவதற்கு டெலிரியம் என்று பெயர். மறதி நோய் மெல்ல மெல்ல வரும், இது சில மணி நேரத்தில் வந்துவிடும், காரணத்தைப் பிடித்து வைத்தியம் பார்த்தால் பெரும்பாலும் சரியாகும். சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, வலி, மலச்சிக்கல், தூக்கம் கெடுவது, சில மாத்திரைகள் என்று எதனாலும் வரலாம். கத்துகிறவரையாவது கவனிப்பார்கள். சிலர் பேச்சில்லாமல் சுருண்டு கிடப்பார்கள், அதுவும் இதேதான், நாம் "நல்லா தூங்குறார்" என்று விட்டுவிடுவோம். கூடவே வாழ்ந்தவருக்குத்தான் அந்த மாற்றம் முதலில் தெரியும். அதனால் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது அம்மாவையோ அப்பாவையோ வெளியே உட்கார வைக்காதீர்கள்.

அம்மா பெரிதாக எதுவும் செய்யவில்லை. ஐசியூவில் கழற்றிப் பையில் போட்டுக் கொடுத்த கண்ணாடியையும் காது மிஷினையும் கேட்டு வாங்கி மாட்டிவிட்டார். எதிர்த்துப் பேசாமல், "நீங்க ரிட்டயர் ஆயாச்சுங்க, இது ஆஸ்பத்திரி, இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எரிச்சல் படாமல் எப்படித்தான் முடிந்ததோ, நானாக இருந்தால் மூன்றாவது தடவையே கத்தியிருப்பேன்.

அப்புறம், துணைக்கு இருப்பவரும் நோயாளிதான். அம்மாவுக்குச் சுகர். மாத்திரையைப் போட்டுக்கொண்டு "அவர் சாப்பிடட்டும்" என்று சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை இறங்கி அங்கேயே மயங்கி விழ வேண்டியதுதான். அம்மாவுடைய மாத்திரை, சாப்பாட்டு நேரத்தை ஒரு பிள்ளை பொறுப்பெடுக்க வேண்டும். ராத்திரிக் காவலும் நம்முடையதுதான், போகமாட்டேன் என்று அடம்பிடித்தாலும் வீட்டுக்கு அனுப்பித் தூங்க வையுங்கள்.

செலவுக்கு, 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2024 முதல் மத்திய அரசின் இலவச சிகிச்சைக்கான ஆயுஷ்மான் அட்டை உண்டு, வருமான வரம்பு கிடையாது, ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ஆனால் தலைக்கு 5 லட்சம் இல்லை, கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்துத்தான். நீங்கள் போகும் ஆஸ்பத்திரி அந்தத் திட்டத்தில் இருக்கிறதா என்று அட்மிஷனுக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.