வாசகர் கேள்வி – பதில்: நான்கு நாள், நான்கு ஊர், நான்கு மாரத்தான்

கேள்வி: கடந்த ஆறு ஆண்டுகளில் பதினொரு மாரத்தான்களை ஓடி முடித்திருக்கிறேன். எனது சிறந்த நேரம் 4 மணி 10 நிமிடம். அடுத்த ஆண்டு நான்கு ஊர்களில் அடுத்தடுத்த நான்கு நாள்களில் நடைபெறும் மாரத்தான்களுக்குப் பயணம் செய்து, நான்கையும் முடிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பயிற்சியை எப்படி மாற்றிக்கொள்வது? எந்த வேகத்தில் ஓடுவது?

பதில்: தங்கள் கடிதத்தில் ஓட்டத்தைப் பற்றி இரண்டு கேள்விகள் உள்ளன, ஒரு பந்தயம் முடிந்து அடுத்தது தொடங்கும் வரையிலான நேரத்தைப் பற்றி ஒன்றுகூட இல்லை. பதினொரு முறை 42.195 கிலோமீட்டரைக் கடந்தவருக்கு ஓடத் தெரியாமல் போவதில்லை. தொடர் மாரத்தான்களில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் அந்த இடைநேரம்தான். ஐந்து மணி நேரம் ஓடி, குளித்து, உண்டு, ஆறேழு மணி நேரம் பயணம் செய்து, புது ஊரில் அறை தேடிச் சேர்ந்து, விடியுமுன் எழுந்துவிட வேண்டும் என்றால் தூக்கத்துக்கு என்ன மிஞ்சும் என்று ஒரு தாளில் கணக்கிட்டுப் பாருங்கள். ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாக வந்தால், பயிற்சியை மாற்றுவதற்கு முன் பயணத் திட்டத்தை மாற்றுங்கள்.

வேகத்தைப் பொறுத்தவரை என் கருத்து கறாரானது: முதல் நாள் ஐந்து மணி நேரத்துக்கு முன்பாக எல்லைக் கோட்டைத் தொடாதீர்கள். மூன்று நாள்களில் மூன்று மாரத்தான்கள் என்று நான் முதன்முறை கிளம்பியபோது, காலைக் குளிரில் கால்கள் தாமாகவே பறப்பதைக் கண்டு மயங்கி, முதல் நாளிலேயே என் வழக்கமான பந்தய வேகத்தில் ஓடித் தீர்த்தேன். மறுநாள் விடியற்காலையில் விடுதியின் மாடிப்படிகளில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்னோக்கித்தான் இறங்க முடிந்தது. காலணிக் கயிற்றைக் கட்டுவதற்கும் வேறொருவர் குனிய வேண்டியிருந்தது. தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதத்தின் வலி ஓடிய உடனே தெரியாது. ஒன்றிலிருந்து மூன்று நாள்களுக்குள்தான் உச்சத்தை எட்டும். ஆகவே முதல் நாள் செய்யும் ஊதாரித்தனத்துக்குத் தாங்கள் இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் கடன் கட்ட வேண்டியிருக்கும். 2006-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் 50 மாநிலங்களில் 50 நாள்களில் 50 மாரத்தான்களை ஓடிய டீன் கார்னாசஸ், கடைசியாக நியூயார்க்கில் ஓடியதை 3 மணி 30 விநாடிகளில் முடித்தார். அந்த வரிசையிலேயே அதுதான் அவருடைய மிக வேகமான ஓட்டம். அத்தனை நாளும் அவர் எவ்வளவு வேகத்தைக் கையிருப்பில் வைத்திருந்தார் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். அதே சமயம், ஒவ்வொரு பந்தயத்துக்கும் உரிய கால வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு மணி நேரத்தில் பாதையை மூடிவிடும் பந்தயத்தை நான்காம் நாளுக்கு வைத்துக்கொள்வது விவேகமாகாது.

பயிற்சிக்கு வார இறுதிகளே போதும். சனிக்கிழமை 30 கிலோமீட்டர், ஞாயிற்றுக்கிழமை 20 முதல் 25 கிலோமீட்டர் என இரட்டை நெடு ஓட்டங்களைப் படிப்படியாகக் கூட்டிச் சென்று, புறப்படுவதற்கு மூன்று வாரங்கள் இருக்கும்போது குறைத்துவிடுங்கள். அந்தச் சனிக்கிழமை மாலைகளில் உண்ணவும் பழகிக்கொள்ள வேண்டும். தசைகளும் கல்லீரலும் கிளைக்கோஜன் என்னும் சர்க்கரை இருப்பாகச் சேமித்து வைப்பது ஏறத்தாழ 2,000 கலோரி. 65 கிலோ எடையுள்ளவர் ஒரு மாரத்தானில் 2,700 கலோரியளவு செலவழிக்கிறார். ஒரே இரவில் இருப்பை நிரப்ப, உடல் எடையில் கிலோவுக்கு 8 முதல் 10 கிராம் வரை மாவுச்சத்து தேவை. அதாவது 65 கிலோ எடையுள்ளவருக்கு அரைக் கிலோவுக்கும் மேல். களைத்த வயிறு இதை ஒரே வேளையில் ஏற்காது. ஓடி முடித்த முதல் மணி நேரத்திலேயே பானமாகத் தொடங்கி, பயணத்தின்போது சிறிது சிறிதாக உள்ளே அனுப்புவதே வழி.

பயணத்தில் தாங்கள் வண்டி ஓட்டவே கூடாது. இது அறிவுரையன்று, நிபந்தனை. நெடுநேரம் மடங்கிக் கிடக்கும் கால்களில் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு என்பதால், காரானாலும் விமானமானாலும் மணிக்கொரு முறை எழுந்து நடக்க வேண்டும். இன்னொன்று, பலரும் கடைசி நேரத்தில் கண்டுபிடித்து அதிர்ச்சியடைவது: பெரிய பந்தயங்கள் பலவற்றில் பிப்பை, அதாவது மார்பில் குத்திக்கொள்ளும் எண் அட்டையை, முந்தைய நாளே அடையாள அட்டையுடன் நேரில் சென்று வாங்க வேண்டும். முந்தைய நாள் தாங்கள் வேறோர் ஊரில் ஓடிக்கொண்டிருப்பீர்கள். காலையிலேயே பிப் தரும் சிறிய பந்தயங்களைத் தேர்ந்தெடுங்கள். இல்லையேல் பிறர் வாங்கிவர அனுமதி உண்டா என்று பதிவுக் கட்டணம் செலுத்துவதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: மூன்றாம் நாள் வலி நிவாரணி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடலாமா?

பதில்: கூடாது. இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன. சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் புரதங்களை வடிகட்டும் பாரம் அதே வேளையில் அதே சிறுநீரகத்தின் மீதுதான் விழுகிறது. சிறுநீர் கோலா நிறத்தில் இறங்கினால் தொடக்கக் கோட்டுக்குப் போகாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பயந்துபோய் அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பதும் தவறு; இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் உயிருக்கே ஆபத்தாகலாம். தாகத்துக்குக் குடித்தால் போதும். இரு தொடைகளிலும் பரவலாக வலித்து, ஓட ஓடத் தளரும் வலியோடு ஓடலாம். எலும்பின் மேல் ஒரு விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய வலி, அடிக்கு அடி கூடிக்கொண்டே போனால், அந்த ஊரிலேயே பயணம் முடிந்தது என்று ஏற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எத்தனை ஜோடி காலணிகள் தேவைப்படும்?

பதில்: இரண்டு. ஒன்று அரை அளவு பெரிதாக இருக்கட்டும், ஏனெனில் இரண்டாம் நாள் முதல் பாதங்கள் வீங்கும். இரண்டையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை நான் வந்து சேர்ந்த விமானத்தில் என் பெட்டி வந்து சேரவில்லை, மறுநாள் காலை புத்தம் புதிய காலணிகளில் ஓடி இரண்டு குதிகால்களிலும் நாணயமளவு கொப்புளங்களை வாங்கிக்கொண்டேன். கொப்புளம் வந்தால் தூய்மையாக்கிய ஊசியால் ஓரத்தில் மட்டும் துளைத்து நீரை வடித்துவிட்டு, மேல்தோலைப் பிய்க்காமல் அப்படியே படிய வைத்து, சுருக்கமில்லாமல் நாடா ஒட்டுங்கள். இந்த வேலையை இரவே முடித்துவிட்டால் காலைக்குள் தோல் உலர்ந்திருக்கும்.