கையில் குழந்தை, தொட்டியில் பாத்திரம்

அன்புள்ள ஐயா,

என் அக்கா மகளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்து 7 வாரம் ஆகிறது. அக்கா இப்போது இல்லை. அம்மா ஸ்தானத்தில் நான் நிற்க வேண்டும் என்று போய்ப் பத்து நாள் தங்கினேன். காலையிலிருந்து இரவு வரை குழந்தை என் மடியில்தான். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். கிளம்புவதற்கு முந்தின நாள் அவள், "சித்தி, நீங்க வந்ததுல எனக்கு வேலை கூடித்தான் போச்சு" என்று சொல்லிவிட்டு அழுதாள். நான்கு வயது மூத்தவனும் என்னிடம் ஒட்டவே இல்லை. அவள் கணவர், "தூக்கமில்லாம பேசுறா, மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். நான் மூன்று பிள்ளைகளை வளர்த்தவள். அடுத்த மாதம் மறுபடியும் போகலாமா, ஒதுங்கியிருப்பதுதான் மரியாதையா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

போங்கள். அவள் உங்களிடம் அதைச் சொல்லி அழுதிருக்கிறாள். வேற்றாளாக நினைத்திருந்தால் சிரித்தபடி வழியனுப்பிவிட்டு, அடுத்த முறை நீங்கள் வருகிறேன் என்றதும் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பாள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் திரும்பப் படித்தேன். காலையிலிருந்து இரவு வரை குழந்தை உங்கள் மடியில். சரி, அந்த நேரமெல்லாம் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? நீங்கள் எழுதவில்லை. பாத்திரம் கழுவியிருப்பாள், துணி மடித்திருப்பாள், மூத்தவனைக் குளிப்பாட்டியிருப்பாள், உங்களுக்கும் சேர்த்துச் சமைத்திருப்பாள் என்று நினைக்கிறேன். தாய்ப்பால் குடிக்கும் கைக்குழந்தை தொடக்க வாரங்களில் ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை குடிக்கும். ஒரு முறைக்கு அரை மணி என்று வைத்தாலும் 4 முதல் 6 மணி நேரம், அதில் ஒரு பங்கு நடுராத்திரியில். அந்த வேலையை நீங்கள் வாங்கிக்கொள்ள முடியாது. மற்ற எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளலாம். நாமோ குழந்தையை வாங்கிக்கொண்டு மற்றதையெல்லாம் அவளிடமே விட்டுவிடுகிறோம்.

'நாம்' என்று பேச்சுக்காகச் சொல்லவில்லை. ஒரு நண்பர் வீட்டுக்குக் குழந்தை பார்க்கப் போய் மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஊர்க்கதை பேசியவன் நான். பல வருடம் கழித்து அவர் மனைவி சிரித்துக்கொண்டே சொன்னார்: அன்று பகலில் குழந்தை கண்ணயர்ந்த ஒரே நேரம் அதுதானாம். அவரும் கொஞ்சம் படுத்திருக்கலாம். எனக்காக முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களிடம் கிறிஸ்டன் ஹாக்ஸ் என்ற மானுடவியலாளரும் சக ஆய்வாளர்களும் 1980களில் களப்பணி செய்தார்கள். புதிதாக ஒரு குழந்தை பிறந்ததும் தாய் உணவு தேடும் நேரம் குறைந்துவிடுகிறது. அந்த நாட்களில் பால் மறந்த மூத்த பிள்ளையின் எடை, பாட்டி எவ்வளவு உழைத்து உணவு தேடினாள் என்பதைப் பொறுத்தே ஏறி இறங்கியதை அவர்கள் பதிவு செய்தார்கள். புதுக் குழந்தையையும் பாட்டி தூக்கிக் கொஞ்சியிருப்பாள், அது வேறு. மூத்ததின் வயிற்றை நிறைத்தது அவள் இறுகிய மண்ணில் தோண்டியெடுத்த கிழங்கு.

உங்கள் மூத்தவன் ஏன் ஒட்டவில்லை என்பதும் இதில் இருக்கிறது. வீட்டுக்குள் வருகிற ஒவ்வொருவரும் அவனைத் தாண்டிக்கொண்டு தொட்டிலுக்குப் போகிறார்கள். நாலு வயதிலேயே 'நீ பெரியவன்' ஆகிவிட்டான், பாவம். அடுத்த முறை செருப்பைக் கழற்றியதும் அவன் பக்கத்தில் போய் உட்காருங்கள். தினமும் ஒரு மணி நேரம் வெளியே கூட்டிப்போங்கள். அந்த ஒரு மணி நேரம் அவளுக்கு என்னவாக இருக்கும் என்று மூன்று பெற்ற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சொல்லிக்கொடுத்த விஷயம். இதில் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். ஒரு காலத்தில் பல நாடுகளில் மருத்துவர்களே கைக்குழந்தையைக் குப்புறப் படுக்கவைக்கச் சொன்னார்கள். தூக்கத்திலேயே குழந்தை இறந்துபோகும் ஆபத்து அதனால் கூடுகிறது என்று தெரிந்த பிறகு, 1990களின் தொடக்கத்தில் மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்லி இயக்கமாகவே பிரசாரம் செய்தார்கள். நாம் நம்பிக்கையோடு கற்றுவைத்திருப்பதில் எது காலாவதியானது என்று நமக்கே தெரியாது. "உங்க டாக்டர் எப்படிச் செய்யச் சொன்னார்?" என்று கேட்டு அப்படியே செய்யுங்கள். உங்கள் அனுபவம் வீண் என்று சொல்லவில்லை; குழந்தை வீறிட்டு அழும்போது பதறாமல் இருக்க உங்களுக்குத் தெரியும், அவளுக்கு இப்போது அது வேண்டும்.

அவள் அழுதது தூக்கக் குறைவால்தான் என்று மருமகன் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் பிரசவத்துக்குப் பின் சாதாரணமாக வருகிற மனச்சோர்வும் அழுகையும் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். 7 வாரத்திலும் தொடர்ந்தால் கவனிக்க வேண்டும். பிரசவித்த பெண்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு மனநலப் பிரச்சினை, பெரும்பாலும் மன அழுத்த நோய், வருகிறது என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. அப்பாக்களுக்கும் வருவதுண்டு. "குழந்தை தூங்கும்போது உனக்குத் தூக்கம் வருதா?" என்று தனியாக இருக்கும்போது கேளுங்கள். நேரம் கிடைத்தும் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் டாக்டரிடம் போகட்டும். நீங்கள் பிள்ளைகளோடு இருங்கள். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்வதாகப் பேசினால் அன்றைக்கே, அவளைத் தனியே விடாமல் கூட்டிப்போங்கள்.

நீங்கள் போகும் நேரமும் நல்ல நேரம்தான். முதல் மாதம் ஆளாளுக்கு வந்து நிற்பார்கள், மூன்றாவது மாதம் வாசலில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். திரும்பி வருவதற்குள் பக்கத்து வீட்டில் ஒருவரைப் பிடித்துப் பேசுங்கள். தன் பிள்ளையோடு மூத்தவனையும் பள்ளிக்குக் கூட்டிப்போய் வர யாராவது ஒத்துக்கொண்டால், அது நீங்கள் பத்து நாள் தங்குவதைவிடப் பெரிய உதவி.

போவதற்கு முன் போன் செய்யுங்கள். "என்ன உதவி வேணும்?" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் யோசிப்பதும் அவளுக்கு ஒரு வேலை. சமையலும் துணியும் இந்த முறை உங்கள் பொறுப்பு என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் போனை மூத்தவனிடம் கொடுக்கச் சொல்லி, வரும்போது தனக்கு என்ன வாங்கிவர வேண்டும் என்று அவனையே கேளுங்கள்.

அன்புடன்