கேள்வி – பதில்: மின்சாரம் கடத்தும் பருத்தித் துணி

கேள்வி: பருத்தித் துணியைப் பிரோல், ஃபெரிக் குளோரைடு கலந்த கரைசலில் போட்டோம். பத்தே நிமிடத்தில் கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. காய்ந்ததும் விரலில் கரி ஒட்டுகிறது. மின்தடையும் இடத்துக்கு இடம் மாறுகிறது. எங்கே தவறு?
– ஜவுளித் தொழில்நுட்ப மாணவிகள், கோவை

பதில்: பாலிபிரோல் (பிரோல் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்து உருவாகும், மின்சாரம் கடத்தும் கறுப்புப் பாலிமர்) நூலின் மேல் வளராமல் தண்ணீரிலேயே வளர்ந்திருக்கிறது. அந்தத் தூள்தான் துணியில் படிந்து கையில் ஒட்டுகிறது. அறை வெப்பத்தில் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கலந்தால் இப்படித்தான் ஆகும்.

முதலில் துணியில் கஞ்சியும் மெழுகும் இருக்கக் கூடாது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்துப்போல் நின்றால் துணி இன்னும் தயாராகவில்லை. விட்ட உடனே உறிஞ்ச வேண்டும்.

5 கிராம் துணிக்கு அளவு சொல்கிறோம். 150 மி.லி. தண்ணீரில் 1 மி.லி. பிரோல், 1.4 கிராம் பாரா டொலுவீன் சல்ஃபோனிக் அமிலம். இதில் துணியை அரை மணி நேரம் ஊறவிட்டு, பாத்திரத்தை ஐஸில் வைத்து 5 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். 100 மி.லி. குளிர்ந்த தண்ணீரில் 9 கிராம் ஃபெரிக் குளோரைடு கரைத்து, கிளறிக்கொண்டே 20 நிமிடத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். இந்த 9 கிராம், நீர் சேர்ந்த மஞ்சள் பழுப்புக் கட்டிக்கான கணக்கு. நீரற்ற கறுப்புப் பொடியென்றால் 5.5 கிராம் போதும். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுக் கெடுத்துக்கொள்பவர்கள் அதிகம். துணி சாம்பல் நிறமாகி மெல்லக் கறுக்கும். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்து, தண்ணீர் தெளியும்வரை அலசி, நிழலில் உலர்த்துங்கள்.

ஆக்சிஜனேற்றியை, அதாவது ஃபெரிக் குளோரைடைக் கூட்டினால் கடத்தும் சங்கிலியே சிதைந்து மின்தடை ஏறும். ஃபெரிக் குளோரைடு கரைசல் நல்ல அமிலம். இரவு முழுக்க ஊறவிட்டால் பருத்தி வலுவிழந்து, இழுத்தால் கிழியும். பிரோல் நிறமற்று இருக்க வேண்டும். பாட்டிலில் பழுப்பேறியிருந்தால் காய்ச்சி வடித்த பிறகே பயன்படுத்துங்கள்.

எல்லா வேலையும் ஆய்வகத்தின் புகை உறிஞ்சும் பெட்டிக்குள் (ஃபியூம் ஹூட்), கையுறையோடு. மிச்சக் கரைசலைச் சாக்கடையில் விடாதீர்கள்.

கேள்வி: மின்தடையை எப்படி அளப்பது?

பதில்: மல்டிமீட்டர் ஊசியைத் துணியில் குத்தி எடுக்கும் எண்ணை நம்ப வேண்டாம். அழுத்தம் மாறினால் எண்ணும் மாறும். துணியைச் சதுரமாக வெட்டி, எதிரெதிர் ஓரங்களில் முழு அகலத்துக்கும் செப்புப் பட்டை வைத்து இறுக்கி அளவிடுங்கள். அந்த எண்தான் சதுரத்துக்கு இத்தனை ஓம் என்பது. பாவு (நீள நூல்) வாக்கில் ஒருமுறை, ஊடை (குறுக்கு நூல்) வாக்கில் ஒருமுறை எடுங்கள்.

கேள்வி: 12 வோல்ட்டில் சூடேறுமா?

பதில்: 10 செ.மீ. சதுரம் 50 ஓம் என்றால் கிட்டத்தட்ட 2.9 வாட், கையில் நன்றாகவே தெரியும். 500 ஓம் என்றால் 0.29 வாட்தான், சூடு தெரிவதே கஷ்டம். மின்தடையைக் குறைக்கப் பிரோலைக் கொட்டாதீர்கள், மறுபடி தூள்தான் வரும். அலசிய துணிக்குப் புதுக் கரைசலில் இரண்டாவது பூச்சு கொடுங்கள்.

கேள்வி: பாலிஅனிலின் (மின்சாரம் கடத்தும் இன்னொரு பாலிமர்) பூசிய துணியைச் சோப்பில் துவைத்ததும் பச்சை நீலமாகி, மின்சாரம் நின்றுபோனது. துணி வீணா?

பதில்: இல்லை. பாலிமரை மின்சாரம் கடத்த வைப்பது அதிலிருக்கும் அமிலம்; சோப்பின் காரம் அதைப் பிடுங்கிவிட்டது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நனைத்தால் பச்சையும் கடத்தலும் பெரும்பாலும் திரும்பும். ஆனால் அடிக்கடி துவைக்கும் உடைக்குப் பாலிஅனிலின் வேண்டாம். பாலிபிரோலும் காரத்தில் பலமிழக்கும், ஆனால் இந்த அளவுக்கு இல்லை. காரமில்லாத சோப்பில், குளிர்ந்த தண்ணீரில், பிழியாமல் அலசுங்கள்.