இணை மைக்கும் பகை மைக்கும்

வணக்கம் அண்ணன்,

கூத்துப் பழக்கம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் இந்தக் கடிதம். நான் மட்டக்களப்பில் வந்தாறுமூலைப் பக்கம். என் பெரியப்பா அண்ணாவியார், கூத்துப் பழக்கி மத்தளம் அடிப்பவர். எழுபது வயது கடந்துவிட்டது. வடமோடி, தென்மோடி என்ற கூத்து வகை இரண்டும் பழக்கியவர். கை ஓடுகிற காலத்திலேயே அவருடைய மத்தளத்தை ஒழுங்காகப் பதிந்து வைக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறோம், ஒருவரும் செய்யவில்லை. தங்கை கல்லடியில் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் வயலின் படிக்கிறாள். அவளையும் பதிய ஆசை.

என்னிடம் பென்சில் மாதிரி ஒல்லியான கண்டென்சர் மைக் ஒன்று இருக்கிறது. இரண்டு மைக் செருகி லப்டொப்போடு இணைக்கிற இன்டர்பேஸ் பெட்டியும் லப்டொப்பும் உண்டு. ஸ்டீரியோவில் பதிவதற்கு அதே மைக் இன்னொன்று வாங்கப் போனேன். "ஒற்றையாக வாங்கி ஒன்றும் செய்ய ஏலாது தம்பி. கம்பனியே சோடி பார்த்து ஒரே பெட்டியில் விற்கிறதைத்தான் வாங்க வேணும்" என்று கடையில் சொல்லிவிட்டார்கள். அந்தப் பெட்டியின் விலை என் கைக்கு எட்டாது. இருக்கிற மைக்கை விற்று, கடனும் வாங்கி அதை எடுக்கலாமா? எடுத்தால் மத்தளத்துக்கு ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்று என்று வைப்பதுதானே சரி?

— வாசகர், வந்தாறுமூலை

அன்புள்ள தம்பி,

விற்க வேண்டாம். கடனும் வேண்டாம். அதே மொடலில் இன்னொன்றை ஒற்றையாக வாங்குங்கள். மத்தளத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வைக்கப் போகிறீர்கள் என்றால் சோடிப் பொருத்தம் உங்களுக்குத் தேவையே இல்லை. ஆனால் அப்படி வைக்கத்தான் வேண்டுமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கடைக்காரர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. ஒரே மொடல் மைக்குகளை அளந்து பார்த்து, உணர்திறனிலும், கீழ் ஒலியிலிருந்து மேல் ஒலி வரை வாங்குகிற விதத்திலும் நெருங்கி வருகிற இரண்டைப் பொறுக்கி ஒரு பெட்டியில் வைக்கிறார்கள். ரோட் என்டி5 போன்ற மைக்குகள் இப்படிச் சோடியாக விற்கப்படுகின்றன. எதற்கு இந்தப் பொறுக்கல்? இரண்டு மைக்குகளுக்கும் வந்து சேரும் சத்தத்தின் சிறு வித்தியாசத்தை வைத்துத்தான் "வயலின் இந்த இடத்தில் இருக்கிறது" என்று நம் மூளை முடிவு செய்கிறது. அந்த வித்தியாசம் அறையிலிருந்து வர வேண்டும், மைக்கிலிருந்து வரக்கூடாது. ஒரு மைக் மேல் ஸ்தாயியைக் கொஞ்சம் தூக்கியும் மற்றது கீழ் ஸ்தாயியைத் தூக்கியும் கேட்டால், தங்கை ஆரோகணம் வாசிக்க வாசிக்க அவள் கதிரையோடு ஒரு பக்கம் நகர்ந்து போவது போலக் கேட்கும். ஒரு மைக் மொத்தமாகச் சத்தம் குறைவு என்றால் அது பெரிய குறையில்லை, இன்டர்பேஸில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத் திருகிச் சரிசெய்யலாம். சுரத்துக்குச் சுரம் மாறுகிற குறையைத் திருகிச் சரிசெய்ய முடியாது. சோடி பார்ப்பது அதற்காகத்தான்.

ஆனால் ஒன்று. நானும் ஒரு காலத்தில் சோடிப் பெட்டியே வாங்கினேன். வாங்கி முதல் நாள் பதிந்ததில் வயலின் இடப்பக்கம் சாய்ந்து கிடந்தது. கம்பனியை ஏமாற்றுக்காரன் என்று இரவு முழுக்கத் திட்டினேன். விடியப்புறம்தான் இரண்டு மைக்கையும் இடம் மாற்றிச் செருகிப் பார்க்கும் புத்தி வந்தது. மைக் மாறியது, சாய்வு மாறவில்லை. குறை மைக்கில் இல்லை, இன்டர்பேஸின் குமிழ்களில். இரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்தினாலும் உள்ளே ஒன்று கூடவும் மற்றது குறையவும் தூக்கிக் கொண்டிருந்தது. மலிவான இன்டர்பேஸ்களில் இந்த வித்தியாசம், சோடி பார்த்து ஒழித்த வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருப்பது சகஜம். காசைக் கொட்டி வாங்கிய பொருத்தத்தை ஒரு குமிழ் தின்றுவிடும்.

அதனால் ஒற்றையாக வாங்கி வந்ததும் இதைச் செய்து பாருங்கள். இரண்டு மைக்கையும் வாய்கள் பக்கத்துப் பக்கம் இருக்கும்படி ரப்பர் பட்டியால் கட்டுங்கள். ஒன்றரை மீட்டர் தள்ளி, இரண்டுக்கும் சமதூரத்தில் ஒரு ஸ்பீக்கரை வைத்து, ஸ்டேஷன் பிடிக்காத ரேடியோவின் இரைச்சலைப் போடுங்கள். இரண்டு தடத்தின் அளவையும் சமப்படுத்திப் பதிந்து, லப்டொப்பில் ஒரு தடத்தின் அலையைத் தலைகீழாக்கி (மேடு பள்ளமாக, பள்ளம் மேடாக) இரண்டையும் மோனோவாக, அதாவது ஒரே தடமாகச் சேருங்கள். இரண்டும் ஒன்றுபோலக் கேட்டிருந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும், மெல்லிய சீறல்தான் மிஞ்சும். மைக்குகளின் வாய்கள் ஒரே புள்ளியில் இருக்க முடியாததால் அந்தச் சீறல் எப்படியும் இருக்கும். கீழும் நடுவும் தெளிவாகக் கேட்டால் மட்டும் கடைக்குத் திரும்பிப் போங்கள். ஒரே மொடலில் இப்போது வருகிற மைக்குகள் பெரும்பாலும் இந்தச் சோதனையில் தப்பிவிடுகின்றன என்பது என் அனுபவம்.

சரி, மத்தளத்துக்கு வருவோம்.

மத்தளத்தின் ஒரு முகமான வலந்தலைக்கு ஒன்று, மறு முகமான தொப்பிக்கு ஒன்று என்று வைத்தால் இரண்டு மைக்கும் ஒரே காட்சியைப் பார்க்கவில்லை, வெவ்வேறு இரண்டு தோல்களைப் பார்க்கின்றன. பொருத்தம் தேவையில்லை என்றது அதனால்தான். அதில் இன்னொரு சிக்கல் உண்டு. தொப்பியில் அடித்தால் அந்தத் தோல் உள்ளே போகும், உள்ளிருக்கும் காற்று வலந்தலைத் தோலை வெளியே தள்ளும். ஒரு மைக்கிலிருந்து தோல் விலகுகிற அதே கணத்தில் மற்ற மைக்கை நோக்கித் தோல் வருகிறது. இரண்டையும் சேர்த்தால் கும்மென்ற அடி பாதி காணாமல் போகும். அப்படி வைத்தே தீருவீர்கள் என்றால் ஒரு தடத்தைத் தலைகீழாக்கிக் கேட்டு, எது கனமாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

நான் அப்படி வைக்க மாட்டேன். அண்ணாவியார் மத்தளத்தைக் கட்டிக்கொண்டு நின்று அடிப்பவர். உடம்பு ஆடும், மத்தளமும் ஆடும். மைக்குக்காக அவரைக் கதிரையில் இருத்தினால் கை வேறு மாதிரிப் போகும். அப்புறம் நீங்கள் பதிவது உங்கள் பெரியப்பாவை அல்ல. அடிக்கும்போது தாளக்கட்டை, அந்த அடிகளின் சொற்களை, வாயாலும் சொல்வாரே, அதை எந்தப் பக்கத்து மைக் பிடிக்கும்? பின்னால் பழகப் போகிறவனுக்கு அந்த வாயும் கையும் சேர்ந்துதான் வேண்டும். ஒன்றரை மீட்டர் முன்னால், அவர் நெஞ்சு உயரத்தில் இரண்டு மைக்கையும் ஒரே ஸ்டாண்டில் வையுங்கள். அவர் விருப்பத்துக்கு ஆடட்டும்.

ஒரே ஸ்டாண்டில் வைப்பதிலும் இரண்டு வழி. ஒன்று, இரண்டு மைக்கின் வாயையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்ட வைத்து 90 பாகை விரிப்பது. எக்ஸ்-வை என்பார்கள். சத்தம் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் வருவதால் மோனோவாக்கினாலும் ஒன்றும் கெடாது. மற்றது பிரெஞ்சு வானொலிக்காரர்கள் கொண்டுவந்த ஓஆர்டிஎஃப் முறை. வாய்களுக்கு இடையில் 17 சென்டிமீட்டர், ஏறத்தாழ முக்கால் சாண். வெளிப்பக்கமாக 110 பாகை விரிவு. நம் இரண்டு காதுகளுக்கு இடையிலுள்ள தூரத்தை ஒட்டிய கணக்கு இது. ஹெட்போனில் கேட்டால் அறைக்குள்ளேயே நிற்பது போல இருக்கும். மத்தளத்துக்கு முதலாவது, வயலினுக்கு இரண்டாவது என்பது என் பழக்கம். அட்டையில் கோணத்தை வெட்டி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் அளக்கத் தேவையில்லை.

இரண்டு மைக்கையும் மனம்போன தூரத்தில் தள்ளி வைப்பதுதான் ஆபத்து. ஒருமுறை வயலினுக்கு முன்னால் ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றும் வைத்தேன். ஹெட்போனில் அகலமாக, வடிவாக இருந்தது. போனின் ஒற்றை ஸ்பீக்கரில் போட்டேன், வயலின் தகரப் பேணிக்குள் போய்விட்டது. நம் ஊர் வெக்கையில் சத்தம் வினாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் போகும். ஒரு மைக் 35 சென்டிமீட்டர் கூடுதல் தூரத்தில் இருந்தால் சத்தம் அதற்கு ஆயிரத்தில் ஒரு வினாடி பிந்தி வரும். இரண்டையும் சேர்க்கும்போது 500 ஹேர்ட்ஸ் அலை ஒன்று மேலே போகையில் மற்றது கீழே போகிறது. ஒன்றையொன்று வெட்டும். 1500, 2500 என்று மேலேயும் அதே வெட்டு. இடையில் 1000, 2000 இல் இரட்டிப்பு. சீப்புப் பல் மாதிரி. 500 என்பது வயலினின் ஏ தந்தியில் ஒரு விரல் வைத்தால் வருகிற இடம், தப்பவே முடியாது. உங்கள் பதிவைக் கேட்கப் போகிற சொந்தக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் போனில்தான் கேட்பார்கள், அதையும் நினைவில் வையுங்கள்.

காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1947இல் வெளிவந்த யாழ் நூலில் பழைய யாழ்களின் நரம்புக் கணக்கை ஆராய்ந்தார். பழந்தமிழ் இசையில் நரம்புகளுக்கு இடையிலான உறவை இணை, கிளை, நட்பு, பகை என்று நாலாகப் பிரிப்பார்கள். மைக் வைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொற்கள்தான் வாயில் வருகின்றன. கம்பனி இணை என்று எழுதி ஒட்டிய இரண்டு மைக்கை ஒரு முழம் தள்ளி வைத்தால் அவை பகை.

கூத்து ஆடுகிற களரியில் பதிவது பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் கேட்பீர்கள். வீட்டுப் பதிவு முடிந்ததும் ஆசை அங்கேதான் போகும். வட்டக்களரியில் அண்ணாவியாரும் மத்தளமும் சல்லரி என்ற தாளமும் நடுவில், ஆட்டக்காரர் அவர்களைச் சுற்றி, சனம் அதற்கும் வெளியே சுற்றி. அங்கே முன்பக்கம் என்று ஒன்று இல்லை. நடுவில் கயிற்றில் தொங்கும் ஒற்றை மைக்கில் எல்லாம் ஒரே தூரம், ஆட்டக்காரர் சுற்றி வருவதே கேட்காது. சோடி மைக்கை விளிம்பில் வைத்தால் பாட்டு கிட்ட வரும், கடந்து போகும், மத்தளத்துக்குப் பின்னால் போய் மெலியும், சதங்கை மறுபக்கத்தால் திரும்பி வரும். முதல்முறை அப்படிக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதே நேரம், விளிம்பில் நீங்கள் வைத்த இடத்தை முன்பக்கமாக்கி விடுகிறீர்கள். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கூத்தை ஒருபக்க மேடைக்குக் கொண்டுபோனபோது பார்வையாளர்கள் எல்லோரும் ஒரு பக்கத்துக்கு வந்தார்கள். சோடி மைக்கும் காதுக்கு அதையே செய்கிறது. அது சரியா பிழையா என்று நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் எந்த இடத்துக் காது என்பதை நீங்கள் தெரிந்து வைக்க வேண்டும். பெரியப்பாவிடமே கேளுங்கள். எங்கே நின்று கேட்டால் கூத்துச் சரியாகக் கேட்கும் என்பதில் ஒவ்வொரு அண்ணாவியாருக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கும். கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுவதைக் கேட்கத் துடுப்பைத் தண்ணீரில் இறக்கி மறுமுனையில் காதை வைத்த ஆட்கள் நாங்கள், காதை எங்கே வைப்பது என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அது மோனோதான் என்பது வேறு கதை.

வீட்டில் எந்த அறை? சீமெந்துத் தரையும் வெறுஞ்சுவரும் உள்ள அறையில் கை தட்டிப் பாருங்கள், சுவருக்குச் சுவர் துள்ளும். பன்பாய் விரிப்பது கொஞ்சம் உதவும். பெரும்போக வெட்டு முடிந்து நெல் மூட்டை அடுக்கிய அறை கிடைத்தால், அதைவிட நல்ல ஸ்டூடியோ மட்டக்களப்பில் தேடவே வேண்டாம். கண்டென்சர் மைக் எல்லாவற்றையும் கேட்கும். மின்விசிறி, காகம், அடுத்த ஒழுங்கை மோட்டார் சைக்கிள், எல்லாமே. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் வெளியே பதிய நினைக்கவே வேண்டாம். இன்டர்பேஸில் 48 வோல்ட் பொத்தானைப் போடாவிட்டால் மைக் ஊமை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மத்தளத்தின் பலமான அடி மைனஸ் 12 டெசிபெல் அளவில் நிற்கும்படி குமிழை வையுங்கள், பெரியப்பா உற்சாகம் வந்தால் இன்னும் ஏறுவார்.

கடைசியாக ஈரம். மாரியில் வாவிக்கரை வீட்டில் இந்த மைக்குகளை மேசையில் விட்டால் ஒருநாள் படபடவென்று பொரியத் தொடங்கும். எனக்கு ஒன்று அப்படிப் போயிருக்கிறது, அதுவும் அந்தச் சோடியில் ஒன்று. காற்றுப் போகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைக்கற்றோடு வையுங்கள். பைக்கற்றையும் இடைக்கிடை மாற்றுங்கள்.

பதிந்ததை எனக்கும் அனுப்புங்கள். சத்தத்தில் ஒரு வேலையும் பார்க்காமல், பதிந்தது அப்படியே.

அன்புடன்