உம் கொட்ட ஓர் ஆள்

வாசகர் கேள்வி – பதில்

கோடை விடுமுறை தொடங்கியது முதல், பிள்ளைகளின் வாசிப்பைப் பற்றி நெல்லைச் சீமையிலிருந்து தொடர்ந்து கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. கிளை நூலகராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால் இந்த இதழில் அவற்றுள் நான்கை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நான் பீடி சுற்றும் தொழிலாளி. மகன் ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டு ஆறாம் வகுப்புக்குப் போகிறான். இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். கதைப் புத்தகம் வாங்கிக் கொடுத்தும் இரண்டு பக்கத்துக்கு மேல் புரட்டவில்லை, போனைத்தான் கேட்கிறான். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க எனக்கு நேரமும் இல்லை, அவ்வளவு படிப்பும் இல்லை. லீவு முடிவதற்குள் ஏதாவது செய்ய முடியுமா? (வாசகி, முக்கூடல்)

பதில்: நிச்சயமாகச் செய்ய முடியும், சகோதரி. முதலில், உங்கள் மகன் சோம்பலால் புத்தகத்தை மூடி வைக்கிறான் என்று நினைத்துவிடாதீர்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை ஒரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு வந்து சேர்வதற்குள் முதற்சொல் அவன் நினைவிலிருந்து நழுவிவிடுகிறது. ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா, லகரமா ளகரமா என்று பிரித்தறிவதிலேயே கவனம் முழுவதும் செலவாகிவிடுவதால், கதையைப் பார்க்க அவனிடம் மிச்சம் எதுவும் இருப்பதில்லை. இதற்கு மருந்து, அவன் வகுப்புக்குக் கீழே உள்ள எளிய புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பதுதான். ஒரே கதையை நான்காம் முறை படிக்கும்போது, தெருவில் வரும் தெரிந்த மனிதரைத் தொலைவிலேயே அடையாளம் காண்பது போல, சொல்லை முழுதாகவே கண்டுகொள்ளத் தொடங்குவான். 'படித்த புத்தகத்தையே படிக்கிறான்' என்று யாரும் அவனைக் குறை சொல்ல வேண்டாம்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு தடையும் உண்டு. அதைப் பெரியவர்கள் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. வீட்டில் 'மாமா வந்துட்டாவ' என்று கேட்டு வளர்ந்தவன், புத்தகத்தில் 'மாமா வந்துவிட்டார்' என்று பார்க்கிறான். நமக்கு இரண்டும் ஒன்றுதான். அவனுக்கு இரண்டாவது, காதுக்குப் பழகாத தமிழ். எழுத்துத் தமிழைக் கண் மட்டும் தனியாகக் கற்றுக்கொள்வது கடினம். அது முதலில் காதில் விழ வேண்டும். யாராவது படிக்க அவன் கேட்க வேண்டும், அல்லது அவனே வாய்விட்டுப் படித்துத் தன் குரலைத் தானே கேட்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் நீங்கள் இல்லை என்று சொல்லும் நேரமும் படிப்பும் தேவையற்றுப் போகின்றன. பீடி சுற்றும்போது உங்கள் கையும் கண்ணும் வேலையில் இருக்கின்றன. காது உங்களிடமே இருக்கிறது. 'உம் கொட்டினால்தான் கதை சொல்வேன்' என்று நம் ஆச்சிமார் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். இப்போது உங்கள் மகன் கதை படிக்கட்டும், நீங்கள் உம் கொட்டுங்கள். ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும். அவன் தடுமாறும் இடத்தில் திருத்தாமல் சற்றுப் பொறுத்திருங்கள். அப்போதும் வரவில்லையென்றால் 'அதை விட்டுட்டு மேலே படி' என்று சொல்லிவிட்டு, 'பிறகு என்ன ஆச்சு?' என்று மட்டும் கேளுங்கள். தாய் உண்மையாகவே கதைக்காகக் காத்திருக்கிறாள் என்று தெரிந்தால், பிள்ளை அடுத்த பக்கத்தைப் புரட்டாமல் இருக்கமாட்டான்.

நான் பணியாற்றிய ஊரில் ஒரு சிறுமி, தாயும் அத்தையும் பக்கத்து வீட்டு மதினியும் சேர்ந்து பீடி சுற்றும் திண்ணையில் நாள்தோறும் அப்படிப் படித்தாள். ஒரு புத்தகம் முடிந்ததும் அந்தப் பெண்கள் வேறு புத்தகம் கொண்டுவரச் சொல்லி அவளை நூலகத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த கோடையில் அவள் தனக்காகவும் ஒன்று சேர்த்து எடுத்துப் போனாள். ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள்: புகையிலைத் தூள் பிள்ளையின் மூச்சுக்குக் கேடு. ஆகவே அவனைச் சுளகுக்கு அருகில் அமர்த்தாமல், காற்று வரும் பக்கமாகச் சற்றுத் தள்ளி அமர்த்துங்கள். படிக்கும் நேரத்தில் இலை வெட்டவோ கட்டுக் கட்டவோ அவனைக் கூப்பிடவும் வேண்டாம்.

போனைப் பிடுங்கிய அதே கையால் புத்தகத்தை நீட்டினால் புத்தகம் தண்டனையாகிவிடும். பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை அக்கினி வெயிலில் பிள்ளைகள் வெளியே போக முடியாது; அந்த நேரத்தில் வீட்டில் யார் கையிலும் போன் இருக்காது என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு வழக்கத்தை ஏற்படுத்துங்கள். புத்தகங்களைப் பொறுத்தவரை, பக்கத்துக்கு நான்கைந்து வரிகளும் பெரிய படங்களும் உள்ளவற்றைத் தேடுங்கள். 1957-இல் தொடங்கப்பட்ட நேஷனல் புக் டிரஸ்ட் அப்படிப்பட்ட சிறுவர் நூல்களைத் தமிழில் குறைந்த விலையில் வெளியிடுகிறது. அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கத்துக்காக 'நுழை', 'நட', 'ஓடு', 'பற' என்று நான்கு படிநிலைகளில் சிறு புத்தகங்கள் வந்துள்ளன. உங்கள் மகன் 'நுழை'யிலிருந்தே தொடங்கட்டும். ஆறாம் வகுப்புக்குப் போகிறவன் இதையா படிப்பது என்ற வெட்கம் அவனுக்கு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டியது நீங்கள்தான்.

கேள்வி: மகள் ஏழாம் வகுப்பு முடித்திருக்கிறாள். விடுமுறையில் நாளுக்குப் பத்துப் பக்கம் படித்து, அதன் சுருக்கத்தை நோட்டில் எழுதிக் காட்ட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறேன். அவளோ படக்கதைகளையே தேடிப் போகிறாள். நல்ல இலக்கியத்தின் பக்கம் அவளைத் திருப்புவது எப்படி? (வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: ஐயா, அந்த நோட்டை இன்றே எடுத்து உள்ளே வைத்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். சுருக்கம் எழுத வேண்டும் என்ற நினைப்போடு படிக்கும் குழந்தை கதைக்குள் போவதில்லை. கேள்விக்கு விடை தேடுவது போல வரிகளுக்கு மேலாக நடந்து போகிறது. அவள் சொல்ல விரும்பினால், இரவுச் சாப்பாட்டின்போது தானே சொல்வாள்.

படக்கதையைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். அதிலும் உரையாடல் இருக்கிறது. ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையில் நடந்ததை வாசிப்பவர் தாமே ஊகித்து நிரப்ப வேண்டியிருக்கிறது. இதை நான் உறுதியாகச் சொல்வதற்கு, பணியில் சேர்ந்த புதிதில் நான் செய்த ஒரு தவறு காரணம். பாம்புகளைப் பற்றிய புத்தகம் கேட்டு வந்த ஒரு சிறுவனிடம், 'இதைப் படி, இதுதான் உனக்கு நல்லது' என்று பெரியவர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றைக் கொடுத்து அனுப்பினேன். புத்தகம் மூன்றாம் நாள் வேறொருவர் கையில் திரும்பி வந்தது. அந்தச் சிறுவன் வரவே இல்லை. இந்தக் கேள்விக்கு எழுதும்போதும் அவன் முகம் என் கண்முன் நிற்கிறது. சீர்காழியில் பிறந்து இந்திய நூலகத் துறைக்கு வழிகாட்டிய சீ.இரா. அரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் வேண்டும் என்பது. நான் அந்த விதியைத் தேர்வுக்காகப் படித்திருந்தேனே தவிர, அன்று அதைப் புரிந்துகொண்டிருக்கவில்லை.

உங்கள் ஊரிலேயே மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் மகளை அங்கே அழைத்துப் போய், சிறுவர் பகுதியில் விட்டுவிட்டு, நீங்கள் வேறு மேசையில் உங்கள் புத்தகத்தோடு அமர்ந்துவிடுங்கள். அவள் எதை எடுக்கிறாள் என்று எட்டிப் பார்க்க வேண்டாம். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் வைத்துவிடவும் அவளுக்கு உரிமை கொடுங்கள். நீங்கள் கடைசியாகப் புத்தகமும் கையுமாக இருந்ததை அவள் எப்போது பார்த்தாள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கேள்வி: பெங்களூரிலிருந்து பேரனும் பேத்தியும் விடுமுறைக்கு வந்திருக்கிறார்கள். எட்டு வயது, பத்து வயது. தமிழ் நன்றாகப் பேசுகிறார்கள்; படிக்கத் தெரியாது. ஒரு மாதத்தில் ஆச்சி நான் என்ன செய்ய முடியும்? (வாசகி, கல்லிடைக்குறிச்சி)

பதில்: அம்மா, பேச்சுத் தமிழ் அவர்களிடம் இருக்கிறது என்பதே பெரிய முதல். 247 எழுத்துகளையும் வரிசையாக எழுதிக் காட்டினால் குழந்தைகள் மிரண்டுவிடுவார்கள். உங்கள் ஊர் அப்பளத்திலிருந்தே தொடங்குங்கள். 'அப்பளம்' என்ற ஒரே சொல்லில் ஓர் உயிரெழுத்து இருக்கிறது; புள்ளி வைத்த பகரமும் புள்ளி இல்லாத பகரமும் அடுத்தடுத்து நிற்கின்றன; புள்ளி வைத்தால் ஒலி எப்படி மாறுகிறது என்பது உச்சரிக்கும்போதே புரிந்துவிடும். பிறகு அவர்கள் பெயர், உங்கள் பெயர், கடைப் பெயர்ப்பலகை, 'பாபநாசம்' என்று பலகை மாட்டி வரும் பேருந்து என்று, கண்ணில் படுவதையெல்லாம் படிக்க விடுங்கள்.

அதைவிட முக்கியமாக, இரவில் அவர்களுக்குக் கதை சொல்லுங்கள். மறுநாள் பகலில் அதே கதையைப் பேத்தி திருப்பிச் சொல்லட்டும். அவள் சொல்வதை அவள் சொன்ன சொற்களிலேயே, பேச்சு வழக்கைத் திருத்தாமல், நோட்டில் கொட்டை எழுத்தில் நீங்கள் எழுதுங்கள். பேரன் படம் வரையட்டும். தான் சொன்னதே தாளில் இருப்பதால், அடுத்த சொல் என்ன என்பது அவளுக்கு முன்பே தெரியும். எழுத்து அதை உறுதிப்படுத்தினால் போதும். பத்துப் பக்கம் சேர்ந்ததும் ஊசி நூலால் தைத்துக் கொடுத்தால், ஊருக்குத் திரும்பும்போது அவர்கள் பையில் போகும் முதல் தமிழ்ப் புத்தகம் அதுவாக இருக்கும்.

இது கோயில் கொடை விழாக்களின் காலம். அருகில் எங்கேனும் வில்லுப்பாட்டு நடந்தால் குழந்தைகளை அழைத்துப் போங்கள். உடுக்கும் குடமும் சேர்ந்து ஒலிக்க, பாடுகிறவருக்குப் பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போட்டுக் கதையை நகர்த்துவதை அவர்கள் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். அப்படி வில்லில் பாடப்படும் கதைகள் பலவும் அச்சில் இருக்கின்றன. நாங்குநேரிக்காரரான பேராசிரியர் நா. வானமாமலை நாட்டார் கதைப்பாடல்களைத் தொகுத்துப் பதிப்பித்தார்; இடைசெவலின் கி. ராஜநாராயணன் ஊர்வாய்க் கதைகளைத் திரட்டினார். அவற்றில் பெரியவர்களுக்கான கதைகளும் கலந்திருப்பதால், நீங்கள் முதலில் படித்துத் தேர்ந்துகொண்டு பிறகு குழந்தைகளுக்குப் படித்துக் காட்டுவது நல்லது.

கேள்வி: எங்கள் ஊரில் கிளை நூலகம் இருக்கிறது. ஆனால் பெரியவர்கள் செய்தித்தாள் படிக்கும் இடமாகத்தான் தெரிகிறது. குழந்தைகளை அனுப்பலாமா? (வாசகர், களக்காடு)

பதில்: கட்டாயம் அனுப்புங்கள். விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது 1948-இல், நம் சென்னை மாகாணத்தில்தான். உங்கள் வீட்டுக்கான சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலிக்கப்படுகிறது. அந்த நூலகம் உங்கள் பணத்திலும் நடப்பது. சிறுவர் நூல்கள் கிழிந்துவிடும் என்ற அச்சத்தில் சில இடங்களில் பீரோவுக்குள் பூட்டப்பட்டிருக்கும். நூலகரிடம் மரியாதையாகக் கேட்டு, அவற்றைப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் கீழ்த்தட்டில் வைக்கச் செய்யுங்கள். தெருப் பிள்ளைகள் நான்கைந்து பேராகச் சேர்ந்து, வெயில் தாழ்ந்த பிறகு போனால் கூச்சம் இருக்காது. உட்கார்ந்து படிக்க உறுப்பினராக வேண்டியதில்லை. வீட்டுக்கு எடுத்து வரத்தான் சிறு தொகை கட்டி உறுப்பினராக வேண்டும். அந்த அட்டையைப் பிள்ளையின் பெயரிலேயே எடுங்கள். உங்கள் பெயரில் எடுத்தால், உங்களுக்கு நேரம் கிடைக்கும் நாளில்தான் பிள்ளைக்குப் புத்தகம் கிடைக்கும்.