பீ-டென் மரபணு: கோளாறு கட்டியிலா, பிறவியிலா? (கேள்வி-பதில்)

கர்ப்பப்பையை எடுத்த பிறகு வந்த பயாப்சி ரிப்போர்ட்டில் 'பீ-டென் லாஸ்' என்று இருக்கிறது. என் இரண்டு பெண்களுக்கும் புற்றுநோய் வருமா?

இந்த ஒரு வரியை வைத்து அப்படிச் சொல்லவே முடியாது. ரிப்போர்ட் பேசுவது கட்டியைப் பற்றி மட்டும்தான்.

பி-டி-இ-என் என்று எழுதி பீ-டென் என்று படிக்கும் இந்த மரபணு 10ஆவது குரோமோசோமில் இருக்கிறது, 1997இல் கண்டறியப்பட்டது. செல் சவ்வின் உட்புறத்தில் பிஐபி3 என்ற கொழுப்பு மூலக்கூறு சேரச் சேர, ஏகேடி, எம்டார் என்று வரிசையாகப் புரதங்கள் முடுக்கிவிடப்பட்டு, செல் வளரவும் பிரியவும் தொடங்கும். பீ-டென் புரதம் அந்த மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டைக் கழற்றிவிடும், வளர்ச்சி அடங்கும். நம்மிடம் இந்த மரபணு இரண்டு பிரதிகள் உண்டு. வயதான பின் ஏதோ ஒரு செல்லில் மட்டும் அவை கெட்டுப்போனால், பாதிப்பு அந்தச் செல்லின் வாரிசுகளோடு, அதாவது அந்தக் கட்டியோடு நின்றுவிடும். கர்ப்பப்பை உட்சுவரில் வரும் எண்டோமெட்ரியாய்ட் வகைப் புற்றுநோயில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் இப்படித்தான் நடக்கிறது. மூளையில் வரும் கிளியோபிளாஸ்டோமா கட்டியிலும் இந்த இழப்பு சகஜம். பிள்ளைகளுக்கு இது போகாது.

பிறவியிலேயே ஒரு பிரதி பழுதாக இருந்தால்தான் குடும்பத்துக்கே கவலை. அதற்கு வேறு தடயங்கள் இருக்கும்: வளர்ந்த பெண்ணுக்கு 58 செ.மீ., ஆணுக்கு 60 செ.மீ. அல்லது அதற்கு மேல் தலைச்சுற்றளவு, தைராய்டு கட்டிகள், ஈறிலும் நாக்கிலும் சிறு சிறு பருக்கள், சின்ன வயதில் மார்பகப் புற்றுநோய். இவை இருந்தால் ரத்தத்தில் மரபணுச் சோதனை செய்யுங்கள். இல்லாவிட்டாலும் ஒன்று கேளுங்கள்: அதே பயாப்சியில் டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 என்ற நான்கு புரதங்களைப் பார்த்தார்களா? கர்ப்பப்பைப் புற்றுநோய் பரம்பரையாக வரும்போது பெரும்பாலும் அந்த நான்கில் ஒன்றின் மரபணுப் பழுதுதான் காரணம்.

நாலு வயதுப் பையனுக்குப் பேச்சு வரவில்லை, ஆட்டிசம் என்கிறார்கள். தலை பெரிதாக இருப்பதால் பீ-டென் சோதனை எழுதியிருக்கிறார் டாக்டர். புற்றுநோய் மரபணுவுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்?

நரம்பணு பிரிந்து பெருகாது, ஆனால் வளரும். வளர்ச்சியை அடக்கும் பீ-டென் என்ற பிரேக் தளர்ந்தால் அதன் உடல் பருக்கும், கிளைகளும் இணைப்புகளும் அளவுக்கு மீறும். எலிகளின் மூளையில் முதிர்ந்த நரம்பணுக்களில் மட்டும் இந்த மரபணுவை நீக்கிய ஆய்வு 2006இல் வெளியானது. அந்த எலிகளுக்கு மூளை பெருத்தது, மற்ற எலிகளோடு பழகும் விதமும் மாறிப்போனது.

ஆட்டிசம் உள்ள எல்லாக் குழந்தைக்கும் இந்தச் சோதனை வேண்டாம். தலைச்சுற்றளவு அந்த வயதுச் சராசரியைவிட 2 முதல் 2.5 தரவிலக்கத்துக்கு (ஸ்டாண்டர்ட் டீவியேஷன், சராசரியிலிருந்து விலகும் அளவு) மேல் இருந்தால் அவசியம். அளப்பதில்தான் தவறு அதிகம் நடக்கிறது. நீளாத டேப்பைப் புருவத்துக்கும் காதுக்கும் சற்று மேலே வைத்து, பிடரியில் அதிகம் புடைத்த இடத்தின் வழியே சுற்றுங்கள். மூன்று முறை அளந்து பெரிய எண்ணைக் குறியுங்கள். ஜடை, பின்னல் கூடாது. அம்மா அப்பா தலையையும் அளக்க வேண்டும். "அப்பாவுக்கும் பெரிய தலைதான், குடும்ப வாகு" என்று அத்தோடு விட்டுவிடாதீர்கள். அப்பாவுக்கே இந்தப் பழுது இருக்கலாம்.

நாங்கள் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள். அதனால்தான் இப்படியா?

இல்லை. பழுதான பிரதி ஒன்றே இந்த நோய்க்குப் போதும்; இரண்டு பக்கமிருந்தும் வர வேண்டியதில்லை. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருக்கலாம், குழந்தையிடம் புதிதாகவும் தோன்றியிருக்கலாம். பெற்றோர் ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு. ஆகவே இருவருமே சோதித்துக்கொள்ளுங்கள்.

'நெகடிவ்' என்று வந்துவிட்டது. நிம்மதியாக இருக்கலாமா?

என்ன சோதித்தார்கள் என்பதைப் பொறுத்தது. எழுத்துப்பிழைகளை மட்டும் தேடும் சோதனையில் மரபணுவின் பெரிய துண்டு விடுபட்டுப்போனது சிக்காமல் போகலாம். அப்படி விடுபட்ட துண்டைக் கண்டுபிடிக்கும் எம்எல்பிஏ போன்ற சோதனையும் செய்யப்பட்டதா என்று கேளுங்கள். இன்னொரு தொல்லை: 9ஆவது குரோமோசோமில் பீ-டென்னின் போலிப் பிரதி ஒன்று உண்டு. அதன் வரிசை கலந்துவிட்டால் முடிவு குழம்பும். 'வியுஎஸ்' என்று வந்தால் அர்த்தம் இன்னும் தெரியாத மாற்றம் என்று பொருள். அதை வைத்து எந்த உறுப்பையும் அகற்றாதீர்கள். ஓரிரு வருடம் கழித்து மறுபரிசீலனை கேளுங்கள்.

பாசிடிவ் வந்தால் என்னென்ன ஸ்கேன், எந்த வயதில்?

அமெரிக்க வழிகாட்டுதலை ஒட்டிய கணக்கு இது. தைராய்டு அல்ட்ராசவுண்ட் 7 வயதிலிருந்து ஆண்டுதோறும். பெண்களுக்கு 30 வயதிலிருந்து ஆண்டுதோறும் மேமோகிராமும் மார்பக எம்ஆர்ஐயும். குடும்பத்தில் இளவயதில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் முன்கூட்டியே. கொலோனோஸ்கோபி 35இல் தொடங்கி 5 ஆண்டுக்கு ஒருமுறை. சிறுநீரக அல்ட்ராசவுண்ட் 40 முதல் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை. மாதவிடாய்க்கு இடையிலோ, நின்ற பிறகோ ரத்தம் பட்டால் அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாது.

டிஎஸ்ஹெச் நார்மல் என்று தைராய்டு ஸ்கேனைத் தள்ளிப்போடுவதுதான் வருத்தமான தவறு. அந்த ரத்தச் சோதனை ஹார்மோன் அளவைச் சொல்லும், கட்டியைக் காட்டாது.

பெரியவர்களுக்கு விடாத தலைவலி, நடையில் தள்ளாட்டம் வந்தால் மூளை எம்ஆர்ஐ எடுங்கள். சிறுமூளையில் மெதுவாக வளரும் லெர்மிட்-டுக்லோஸ் கட்டி இவர்களுக்கு வரக்கூடும். எம்ஆர்ஐ படத்தில் அது புலிவரி போலத் தெரியும்.

மருந்து உண்டா?

பிறவிப் பழுதைச் சரிசெய்யும் மருந்து இன்று இல்லை. எம்டாரை அடக்கும் எவெரோலிமஸை இந்தப் பழுது உள்ளவர்களிடம் சோதித்தபோது, அறிவுத்திறனில் எதிர்பார்த்த முன்னேற்றம் நிரூபணமாகவில்லை. அதனால் ஆய்வுக்கு வெளியே குழந்தைக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். வாய்ப்புண்ணும் தொற்றும் அதனால் அடிக்கடி வரும் தொல்லைகள். பேச்சுப் பயிற்சியும் ஆக்குபேஷனல் தெரபியும் தாமதிக்காமல் தொடங்கட்டும், சோதனை முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கட்டியில் மட்டும் இருக்கும் பழுதுக்கு ஒரு வழி திறந்திருக்கிறது. ஹார்மோன் சார்ந்த, பரவிய மார்பகப் புற்றுநோயில் பிஐகே3சிஏ, ஏகேடி1, பீ-டென் ஆகிய மரபணுக்களில் ஒன்று மாறியிருந்தால், ஃபுல்வெஸ்ட்ரான்ட் என்ற ஹார்மோன் தடுப்பு மருந்தோடு சேர்த்து, ஏகேடியை அடக்கும் கேபிவாசெர்டிப் மருந்தைத் தர அமெரிக்காவில் 2023இல் அனுமதி கிடைத்தது. வயிற்றுப்போக்கும் தோல் தடிப்பும் வரும். ஏகேடி இன்சுலினுக்கும் வேலை செய்யும் புரதம் என்பதால் ரத்தச் சர்க்கரையும் ஏறும். நீரிழிவு உள்ளவர்கள் அதை முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.