மணல் உப்பை வடிகட்டுவதில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

1914-ல் சென்னை மீது குண்டு போட்ட ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் கடைசியில் இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவில் சிக்கியது என்று படித்துவிட்டு வரைபடத்தில் தேடினேன். நடுக்கடலில் உடைந்த வளையல் மாதிரி கிடக்கிறது. மலை இல்லை, ஆறு இல்லை. எம்டனுக்கு அங்கே என்ன வேலை? அந்த வளையம் எப்படி வந்தது? குடிநீருக்கு என்ன செய்கிறார்கள்? பவள மணல் உப்பை வடிகட்டிவிடும் என்று ஒரு காணொளியில் சொல்கிறார்கள், சரிதானா?

செ.

அன்புள்ள செ.,

எம்டன் தந்திக்காகப் போனது. ஆஸ்திரேலியா, ஜாவா, ஆப்பிரிக்கா மூன்று பக்கத்துக் கடலடிக் கம்பிகளும் அங்குள்ள டைரக்ஷன் தீவில் கூடின. அங்கிருந்த தந்தி நிலையத்தை அழிக்க நவம்பர் 9 அன்று ஆட்களை இறக்கினார்கள். அதற்குள் நிலையத்தார் அபாயச் செய்தி அனுப்பிவிட்டார்கள். அருகே போய்க்கொண்டிருந்த சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் வந்து அடித்தது. எம்டன் வடக்குக் கீலிங் தீவின் பாறையில் ஏறி நின்றது.

வளையத்துக்கு வருவோம். டார்வின் 1836 ஏப்ரலில் பீகிள் கப்பலில் இங்கே வந்தார். கப்பல் தலைவர் ஃபிட்ஸ்ராய் பாறையின் வெளிச்சரிவில் ஈயக்குண்டை இறக்கி ஆழம் பார்த்தார். குண்டின் அடியில் கொழுப்பு பூசியிருக்கும். தரையில் என்ன இருக்கிறதோ அது அதில் பதியும் அல்லது ஒட்டும். பத்துப் பாகம் (சுமார் 18 மீட்டர்) ஆழம் வரை உயிருள்ள பவளத்தின் அச்சு பளிச்சென்று பதிந்து வந்தது. ஆழம் கூடக்கூட மணல்தான் ஒட்டியது. கரையிலிருந்து இரண்டே கிலோமீட்டரில் 7,200 அடிக் கயிற்றுக்கும் தரை எட்டவில்லை. வெயில் படாத ஆழத்தில் பாறை கட்டும் பவளம் வளராது என்றால், இத்தனை உயரத்துக்கு எதன்மேல் நின்று கட்டியது? கீழே ஓர் எரிமலை மெல்ல அமிழ்கிறது, அதன் விளிம்பில் பவளம் மேல்நோக்கி வளர்ந்துகொண்டே இருக்கிறது, மலை மறைந்தபின் வளையமும் நடுவில் காயலும் மிஞ்சுகின்றன என்றார் டார்வின். 1952-ல் பசிபிக்கில் இதே மாதிரி வளையமான எனிவெடோக் தீவில் துளையிட்டார்கள். சுமார் 1,400 மீட்டர் பவளச் சுண்ணாம்பைத் தாண்டியதும் எரிமலைப் பாறை வந்தது. மேலே நாம் பார்க்கும் மணல்திட்டுகள் மட்டும் புதியவை, சில ஆயிரம் ஆண்டு வயதுதான்.

இனி தண்ணீர். மணல் உப்பை வடிகட்டாது. கரைந்த உப்பு மணலின் இடுக்கில் தாராளமாக நுழைந்து போகும். இதே நம்பிக்கை டார்வின் காலத்திலும் இருந்தது. அது தவறென்று அவரே எழுதினார். கிணற்று நீர் கடலின் ஏற்றவற்றத்தோடு ஏறி இறங்குவதைப் பார்த்து, மழைநீர் எடை குறைந்தது, மணலுக்குள் உப்புநீரின் மேல் மிதக்கிறது என்றார். தனுஷ்கோடியில் கடலோரம் தோண்டும் ஊற்றில் நல்ல தண்ணீர் வருவதும் இப்படித்தான்.

நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீருடையது 1.025. ஆகவே கடல்மட்டத்துக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் நன்னீர் நின்றால், கணக்குப்படி கீழே 40 சென்டிமீட்டர் இருக்கும். நிஜத்தில் குறைவு. அலையேற்றம் கலக்கிவிடுகிறது, அடியிலுள்ள பழைய சுண்ணாம்புப் பாறை முழுக்கப் பொந்து என்பதால் அங்கே நன்னீர் தங்காது. தீவு சில நூறு மீட்டராவது அகலமாக இருந்தால்தான் நிலையான நீர். கோகோஸின் மொத்தம் 27 தீவுகளில் ஆள் இருப்பது ஹோம், வெஸ்ட் இரண்டில் மட்டும். சுமார் 600 பேர்.

இந்தக் கணக்கு தலைகீழாகவும் வேலை செய்யும் என்பதுதான் ஆபத்து. ஆழமாகக் கிணறு தோண்டி மோட்டார் போட்டு நீர்மட்டத்தைப் பத்து சென்டிமீட்டர் இறக்கினால், அடியிலிருந்து உப்புநீர் கூம்பு போல நான்கு மீட்டர் வரை எழும்பப் பார்க்கும். நூறு குடம் நல்ல நீரில் ஒன்றரைக் குடம் கடல்நீர் சேர்ந்தாலே நாக்கு கண்டுபிடித்துவிடும். அதனால் ஆழ்துளைக்குப் பதில் படுக்கைவாட்டில் எடுக்கிறார்கள். நீர்மட்டத்துக்குச் சற்றே கீழ்வரை நீளப் பள்ளம் வெட்டி, துளையிட்ட குழாயைக் கிடத்தி, சுற்றிலும் சரளை போட்டு மூடி, நடுவில் ஒரு தொட்டிக் கிணற்றில் சேர்த்து, சிறு பம்பால் நிதானமாக இறைப்பார்கள். பாலில் ஆடை எடுப்பது மாதிரி. அந்தப் பள்ளத்துக்கு மேலே கழிப்பறைக் குழியோ டீசல் பீப்பாயோ வைக்கவே கூடாது. ஒன்றிரண்டு மீட்டர் மணல்தான் இடையில், சிந்தியது அப்படியே தண்ணீருக்குப் போய்விடும்.